‘கூலி’: சம்பளத்தின் பெயர் ஆளின் பெயரான கதை

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று பாடசாலையில் ஒரு பட்டியல் சொல்லித் தருவார்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி. அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டிய இன்னொரு சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அது ‘கூலி’. பதுளையிலிருந்து நமுனுகுல மலைச்சரிவில் ஏறிப்போகும் வழியிலுள்ள ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களில் பிறந்தவர்கள் இந்தச் சொல்லை அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்களுடைய பாட்டன் பூட்டன் பெயர்கள் அரச ஆவணங்களில் இந்தச் சொல்லுக்குக் கீழேதான் எழுதப்பட்டன.

ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘கூலி’ என்பதற்குச் சுமை தூக்குபவர், ஆசிய நாட்டு உடலுழைப்பாளி என்று பொருள் தந்திருப்பார்கள். இழிவுபடுத்தும் சொல் என்ற குறிப்பும் இருக்கும். தமிழ் அகராதியைத் திறந்தால் செய்த வேலைக்கான ஊதியம் என்றிருக்கும். ஆங்கிலத்தில் அது ஆளின் பெயர், தமிழில் பணத்தின் பெயர். ஒரே சொல் இரண்டு பொருளுக்கு எப்படிப் பிரிந்தது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

தமிழில் கூலி

தமிழில் இது பழைய சொல். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆவது குறளில் வருகிறது. தெய்வத்தால் முடியாமற் போனாலும், உடல் வருந்தச் செய்த முயற்சி அதற்குரிய பலனைத் தந்தே தீரும் என்பது அதன் கருத்து. அந்தப் பலனுக்கு வள்ளுவர் வைத்த பெயர் கூலி. அதில் இழிவு எதுவும் இல்லை. உழைத்தவருக்கு வந்து சேரவேண்டிய ஒன்று என்ற உறுதி மட்டுமே இருக்கிறது.

மதுரையில் சிவன் பிட்டுக்கு மண் சுமந்த கதை எல்லோருக்கும் தெரியும். வைகை உடைப்பெடுத்தபோது வந்திக்கிழவியின் பங்கை அடைக்க ஆளாக வந்தவர், மண் சுமப்பதற்குப் பிட்டைச் சம்பளமாக வாங்கிக்கொண்டார். மாணிக்கவாசகர் திருவம்மானையில் இதைப் பாடும்போது மண் சுமந்ததையும் கூலி பெற்றதையும் சேர்த்தே சொல்கிறார். சுமையும் கூலியும் ஒன்றாக வந்தாலும் இரண்டும் கலந்துவிடவில்லை. சுமந்தவர் கடவுள், அவர் வாங்கியது கூலி. கடவுளையே யாரும் ‘கூலி’ என்று அழைக்கவில்லை.

இன்றைய பேச்சிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அரைவைக்கூலி, நகைக்கடையின் செய்கூலி எல்லாமே பணத்தைக் குறிப்பவை. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூலி என்றால் ஊதியமே. சிங்களத்தில் ‘குலிய’ என்பது வாடகை. பதுளை நகரில் வீடு வாடகைக்கு என்று சிங்களத்தில் எழுதித் தொங்கும் பலகையில் ‘குலியட்ட’ என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

சுமை தூக்குபவருக்குத் தமிழில் தனிச் சொற்கள் உண்டு. சுமையாள், சுமைகாரர் என்போம். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கவும் மீண்டும் தூக்கிக்கொள்ளவும் வழியோரத்தில் கல் நட்டு அதற்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்த சமூகம் இது. ஆகவே சுமப்பவரைக் குறிக்கச் சொல் இல்லாமல் ஆங்கிலேயர் ‘கூலி’யை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்திலும் ‘போர்ட்டர்’ என்ற சொல் இருந்தது. சுமத்தல் என்ற பொருள்கொண்ட இலத்தீன் வேரிலிருந்து வந்தது அது. ‘கூலி’யின் வேரில் சுமை கிடையாது. அது பிறகு ஏற்றப்பட்டது.

சுமை எப்படி ஏறியது?

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்ற ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம் இதை விரிவாகப் பேசுகிறது. குஜராத் பகுதியில் வாழ்ந்த ‘கோலி’ என்ற மக்களின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. தமிழின் ‘கூலி’யிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. அடிமை என்று பொருள்படும் துருக்கியச் சொல்லொன்றையும் அங்கே காட்டுகிறார்கள். மேற்குக் கரையில் போர்த்துக்கேயர் கேட்ட கோலியும், தெற்கில் ஐரோப்பிய வணிகர்கள் கேட்ட கூலியும் துறைமுகப் பேச்சில் ஒன்றாய்க் கலந்திருக்கலாம்.

அந்தக் கலப்பைப் பற்றி 1992இல் ஜான் பிரெமனும் வலன்டைன் டானியலும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டானியல் இலங்கையில் பிறந்த மானிடவியலாளர், தோட்ட மக்களைப் பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்தவர். ஒரு பக்கத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர், மறுபக்கத்தில் கைக்கு வரும் காசின் பெயர். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லானபோது மனிதர் சம்பளத்துக்குள் கரைந்துபோனார் என்பது அவர்களின் வாதம். ஒருவருக்குக் கொடுப்பதும் அவரும் ஒன்றாகிவிட்டால், கொடுக்கவேண்டியதைக் கொடுத்த பிறகு அவரிடம் பேச வேறு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஊழியத்துக்கு எதிர்ச்சொல்

இலங்கையில் இச்சொல்லுக்கு ஒரு காலத்தில் நல்ல அர்த்தம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் சோனகர், செட்டிகள் போன்றோர் மீது ‘ஊழியம்’ சுமத்தப்பட்டது. அரசுக்குச் சம்பளமின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலை அது. கண்டியில் இராஜகாரியம் என்ற முறை இருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தோடு ஒப்பிட்டால், கூலி கொடுத்து வேலை வாங்குவது விடுதலை. விரும்பினால் வேலைக்குப் போகலாம், போனால் பணம் கிடைக்கும்.

மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியது இந்தக் காலத்தில்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களிடம் சொல்லப்பட்டதும் கூலி என்ற வார்த்தையே. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் வாட்டிய ஊர்களில் அந்த வார்த்தைக்கு நம்பிக்கையின் வலு இருந்திருக்கும். ஆனால் வந்து சேர்ந்த இடத்தில் கூலி கிடைப்பதற்கு முன்பே கடன் காத்திருந்தது. பயணச் செலவு, வழிச்சாப்பாடு, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் கணக்கில் ஏறியிருந்தன. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று எழுதிய சிறு கடதாசி அது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

உவாவுக்குச் சுமந்து வந்தவை

வந்த வழியை மலையகத்தின் எல்லாக் குடும்பங்களும் ஏதோவொரு வடிவில் கேட்டிருக்கும். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை. நூற்றைம்பது மைல் அளவில் காட்டுப்பாதை, வாந்திபேதி, மலேரியா. உவாவுக்குப் போகவேண்டியவர்களுக்கு மாத்தளை முடிவிடமல்ல, அதன் பின்னும் மலைகளைக் கடக்க வேண்டும். சட்டி பானையும் அரிசியும் குழந்தையும் தலையிலும் இடுப்பிலும் இருந்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் ரயிலும் இணைந்த சேவை 1914இல் தொடங்கும்வரை எண்ணற்றோர் இப்படியே வந்தார்கள்.

உவாவுக்கு ரயில் வந்தது தாமதமாகத்தான். நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். அதற்கு முன் தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் தோட்டத்திலிருந்து போகவேண்டிய விளைச்சலும் மாட்டுவண்டியிலோ மனிதர் தலையிலோதான் போயின. தபாலைச் சுமந்து வர ஒரு ‘தபால் கூலி’ இருந்தார். ஆங்கிலத்தில் ‘கூலி’யும் சுமையும் ஒன்றாய்ப் போனதற்குத் துறைமுகங்களோடு இப்படிப்பட்ட மலைப்பாதைகளும் காரணம்.

1869இல் கோப்பி இலைநோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில். அதன்பின் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் தொழிலாளரின் பெயர் மாறவில்லை. சுமை மட்டும் மாறியது. கயிற்றை உச்சந்தலையில் மாட்டி முதுகில் தொங்கும் கொழுந்துக்கூடையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உலகம் முழுவதும் விற்ற தேயிலைப் பெட்டிகளில் அந்தக் கூடைக்காரியின் படம் இருந்தது, பெயர் இருக்கவில்லை.

சட்டத்தில் எழுதிய பெயர்

பேச்சில் இருந்த சொல் மெல்லச் சட்டத்துக்குள் போனது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப்போவது குற்றம், சிறைத்தண்டனைக்கும் உரியது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தலைப்பிலேயே ‘இந்தியக் கூலிகள்’ என்று சொன்னது. தோட்டப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளர்களும் கங்காணிகளும், பொதுவாக ‘இந்தியக் கூலிகள்’ எனப்படுவோர், என்று அது வரையறுத்தது. சம்பளத்தைக் குறித்த தமிழ்ச் சொல் இப்படியாக ஒரு சமூகத்தின் சட்டப்பெயராகிவிட்டது. அவர்கள் வாழ்ந்த வரிசை அறைகள் ‘கூலி லயன்’.

அவர்கள் பேசிய மொழிக்கும் அந்தப் பெயரே வைக்கப்பட்டது. 1915இல் கொழும்பில் டபிள்யு.ஜி.பி. வெல்ஸ் தோட்டத் துரைமாருக்காக வெளியிட்ட தமிழ்ப் பயிற்சி நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. அதற்கு முந்தைய தலைமுறைச் சின்னத்துரைமாருக்கு ஏ.எம். பெர்குசனின் கையேடு இருந்தது. அதன் தலைப்பு ‘இங்கே வா’. ஒரு துரை தமிழில் முதலில் கற்றுக்கொள்ளவேண்டிய வாக்கியம் எது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. மரியாதை விகுதிக்கு அந்தத் தமிழில் தேவை இருக்கவில்லை.

1911 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எண்ணத் தொடங்கினார்கள். 1948இல் சுதந்திரத்தோடு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. வேலைக்கு வந்தவர்கள், வேலை முடிந்தால் போகவேண்டியவர்கள் என்ற எண்ணம் அச்சட்டத்தின் அடியில் இருந்தது. ஒருவரைச் சம்பளத்தின் பெயரால் மட்டும் அறிந்துவைத்திருக்கும் நாட்டுக்கு, அவருக்கும் ஊர் உண்டு, கல்லறை உண்டு, கோயில் உண்டு என்பது எளிதில் தெரிவதில்லை. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் கடைசிச் சட்டங்களில் ஒன்று வந்தது 2003இல்.

பேர், அரைப் பேர்

தோட்டத்துக்குள்ளே இன்னொரு சொல் தலைகீழாக நடந்திருக்கிறது. மலையகத்தில் ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குப் பெயர் ‘பேர்’. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, செக்ரோலில் பெயர் பதிவதிலிருந்து வந்த வழக்கு. இத்தனை கிலோ கொழுந்து நிறுவையில் விழுந்தால்தான் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். ‘இன்னைக்கு எனக்குப் பேர் போடல’ என்று ஒரு பெண் சொன்னால், அன்றைய சம்பளம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலம் சம்பளத்தின் பெயரை ஆளுக்கு வைத்தது. தோட்டம் ஆளின் பெயரைச் சம்பளத்துக்கு வைத்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கொழுந்து குறைந்த நாளில் குறைவது பணம் மட்டுமல்ல என்ற உணர்வு அந்த ‘அரைப் பேர்’ என்ற சொல்லில் இருக்கிறது.

இன்று மலையகத்தில் யாரும் கூலி உயர்வு கேட்பதில்லை. தொழிற்சங்க மேடையிலும் பதாகையிலும் ‘சம்பள உயர்வு’ என்றே இருக்கும். நாளொன்றுக்கு 1,000 ரூபா கேட்டுப் பல வருடம் போராடி அது 2021இல் வர்த்தமானியில் வந்தபோதும், 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனபோதும் பேசப்பட்டது சம்பளம்தான். வள்ளுவர் கையாண்ட ஒரு நல்ல சொல்லை, அது தங்கள் மீது வசையாக விழுந்ததால், அந்த மக்கள் தாங்களே கைவிட்டார்கள்.

கடல் கடந்த கூலி

இந்தச் சொல் இலங்கையோடு நிற்கவில்லை. அடிமை முறை ஒழிந்தபின் மொரீசியஸ், நேட்டால், கயானா, டிரினிடாட், பிஜி என்று ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்ட இந்தியர் எல்லோரும் இந்தப் பெயரில்தான் போனார்கள். தென்னாபிரிக்காவில் தன்னைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைத்ததை காந்தி தன் சுயசரிதையில் எழுதுகிறார். அங்கே தமிழர்களின் பெயர்களில் வரும் ‘சாமி’யையும் வெள்ளையர் வசையாக்கியிருந்தார்கள். தலைவன் என்று பொருள்படும் சொல் அது என்பதையும் அவர் குறிப்பிடுகிறார். அதே காந்தி 1927 நவம்பரில் இலங்கை வந்தபோது பதுளையிலும் பேசினார்.

சீன மொழிக்குள் போனபோது இச்சொல்லின் ஒலிக்கு இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். அவற்றின் பொருள் ‘கசப்பு’, ‘வலிமை’. மொரீசியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய படித்துறை ‘கூலி காட்’ என்றிருந்தது. இப்போது அதன் பெயர் ‘ஆப்ரவாசி காட்’, குடிபெயர்ந்தோர் துறை. 2006இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. இந்திய ரயில் நிலையங்களின் சுமைதூக்குவோரை இனி ‘சஹாயக்’, உதவியாளர், என்று அழைக்கவேண்டும் என 2016 ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மறுபுறம், கரீபியனிலும் மொரீசியஸிலும் சில எழுத்தாளர்கள் அதே சொல்லைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டார்கள். மொரீசியஸ் கவிஞர் கால் தொராபுல்லி அதிலிருந்து ‘கூலிட்யூட்’ என்றொரு கருத்தையே உருவாக்கினார்.

கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவரை ‘நாட்டாமி’ என்பார்கள். தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர். ஒரு சொல் கடலைத் தாண்டும்போது மேலிருந்து கீழே விழலாம் என்பதற்கு அதுவும் சான்று. புறக்கோட்டையில் அந்த மூட்டைகளைத் தூக்குவோரில் மலையகத்திலிருந்து போனவர்களும் உண்டு.

வன்னியில், எங்கள் வாயில்

இதுவரை சொன்னதில் குற்றம் வெள்ளையர் மீதும் கொழும்பு மீதும் இருந்தது. மிச்சத்தை நாங்கள்தான் ஏற்கவேண்டும்.

1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத் தமிழர்கள் வன்னிக்கு வந்தார்கள். 1983 ஜூலையில் பதுளை நகரும் எரிந்தது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களில் பெரும்பகுதி அவர்கள். பலருக்குக் காணிக்கு உறுதி இருக்கவில்லை. வயற்காரர் வீட்டில் நாட்சம்பளத்துக்குப் போனார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்றும் ‘கூலிக்கு வந்தவர்கள்’ என்றும் அவர்களைச் சொன்னது ஆங்கிலேயர் அல்ல. 2009 வரை நடந்த யுத்தத்தில் அவர்களும் எங்களோடு இடம்பெயர்ந்தார்கள், எங்களோடு செத்தார்கள், எங்களோடு முகாமில் இருந்தார்கள். அந்தச் சொற்கள் மட்டும் முழுதாக ஓயவில்லை.

யுத்த காலத்தில் இன்னொரு சேர்க்கையும் வந்தது, ‘கூலிப்படை’. யாரை வேண்டுமானாலும் காசுக்கு விலைபோனவர் என்று தள்ளிவைக்க அது உதவியது. ‘கூலிக்கு மாரடித்தல்’ என்ற பழைய வழக்கிலும் இதே கசப்பு உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்வதே ஒரு குறை என்ற எண்ணம் இந்தச் சொற்களின் அடியில் படிந்திருக்கிறது. நாட்சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகள் நிறைந்த ஒரு சமூகம் இப்படிப் பேசுவது தன்னையே ஏசுவதாகும்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த படிவங்களைப் பாருங்கள். தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். களை பிடுங்குபவர், மேசனுக்குக் கையாள், மீன் காயவைப்பவர், விறகு வெட்டுபவர் எல்லோரும் அங்கே ஒரே சொல். அவர்கள் அறிந்த வேலை, அதில் உள்ள ஆபத்து, அவர்களுக்குச் சேரவேண்டிய சேமலாப நிதி, விபத்து நட்டஈடு எதையும் அந்தச் சொல் காட்டாது. 1889ஆம் ஆண்டுச் சட்டம் செய்த வேலையை எங்கள் பேனாவே தொடர்ந்து செய்கிறது.

எப்படி எழுதலாம்?

மலையக மக்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். 2023இல், வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் வந்த பாதையில் நடந்தார்கள். அந்த நடைபயணத்தில் அவர்கள் தங்களுக்குச் சொன்ன பெயர் ‘மாண்புமிகு மலையக மக்கள்’. இந்தியத் தமிழர் என்பதற்குப் பதிலாக மலையகத் தமிழர் என்று பதியவேண்டும் என்ற கோரிக்கையும் நெடுங்காலமாக இருக்கிறது.

மற்றவர்கள் செய்யக்கூடியது சிறியது. ஆளைச் சொல்லும்போது அவர் செய்யும் தொழிலைச் சொல்வது: தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கொழுந்து எடுப்பவர், விவசாயத் தொழிலாளி, சுமைதூக்கும் தொழிலாளி. ‘கூலி’ என்ற சொல்லை அழிக்கத் தேவையில்லை. பணத்தைப் பற்றிப் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம். எவ்வளவு கூலி, எப்போது தருவீர்கள், ஏன் குறைந்தது என்று கேட்கும் இடங்களில் அந்தச் சொல் தன் பழைய பொருளில் சரியாகவே பொருந்துகிறது. ஸ்பிரிங்வெளியின் நிறுவைத் தராசடியிலும் கிளிநொச்சி வயல் வரப்பிலும் இன்றும் கேட்கவேண்டிய கேள்விகள் அவை.